கலைவாணிப்பா

— ஏன் தம்பி பாலாஜி, உசுரோட இருக்கற எம்பொண்ணை செவுத்துல ஏத்தி சாவடிச்சிட்டியே, உனக்கு இன்னா பாவம் பண்ணா அவ?

— தனக்கொடி அக்காவா? வாங்க, உக்காருங்க. நான் யாரை சாவடிச்சேன்?

— உக்காரவா வந்தேன்? மீன் கூடையைக்கூட வூட்ல வெக்கல. நேத்து பீச்சாண்ட பழைய குடோன் செவுத்துல லைட்டு காமிச்சியே, சுனாமியில செத்தவங்க பேருன்னு. கோடி ஜன்னல்ல இன்னா போட்ட?

— கலைவாணின்னு. நீங்க சொன்னதுதானேக்கா? அலை யாரைக் கொண்டு போச்சுன்னு கேட்டேன், 'கலைவாணிப்பா'ன்னீங்க. டேப்லயே இருக்கு.

— அட எழவே! கலைவாணியோட அப்பாடா அது! எங்க குப்பத்துல புருசனை வேற எப்பிடிச் சொல்லுவா ஒரு பொம்பள?

— ஐயோ... என்னைத்தான் 'ப்பா'ன்னு கூப்பிடறீங்கன்னு நெனச்சிட்டேன்க்கா.

— நல்லா நெனச்ச. வாய்க்கு வாய் உன்னைத் தம்பின்னுதானே கூப்பிடறேன்! இன்னிக்கு இஸ்கூல்ல பேரு கூப்பிட்டப்ப அவ 'உள்ளேன் ஐயா'ன்னிருக்கா. 'பேய் வந்துடுச்சி'ன்னு மொத்த கிளாசும் சிரிச்சிருக்கு. வந்து கேக்கறா தம்பி, 'எம்மா, மெய்யாலுமே நான் செத்துட்டனா'ன்னு.

— மன்னிச்சிடுங்கக்கா. கம்ப்யூட்டர்ல சின்ன வேலைதான், மாத்திடறேன். அவர் பேரைச் சொல்லுங்க.

— பேரெல்லாம் வேணாம். அழிச்சிடு, போதும்.

— அழிச்சா ஜன்னல் இருட்டாயிடும்க்கா. ஒவ்வொரு ஜன்னலுக்கும் அளவெடுத்து வெளிச்சத்தை வெட்டி வெச்சிருக்கேன். ஒண்ணு அவிஞ்சாலும் செவுரே பொக்கை வாயாட்டம் தெரியும். சாயங்காலம் பிரான்சுலேர்ந்து ஆளுங்க வராங்க.

— வெள்ளைக்காரன் வேடிக்கை பாக்க என் வூட்டுப் பேருதான் கெடைச்சிதா? வேற யாரையாச்சும் போடு.

— குருசுக்குப்பத்துல போனவங்க எல்லாரையும் போட்டாச்சு. மிச்சம் அவரு ஒருத்தர்தான்.

— போயிட்டாருன்னு எவன் சொன்னான்? ஒடம்பு கெடைச்சிதா? அலை கொண்டு போச்சுன்னுதான் சொன்னேன். செத்தாருன்னா சொன்னேன்? நல்லாப் பாரு, நெத்தியில பொட்டு இருக்கு.

— ரெண்டு வருஷம் ஆச்சேக்கா...

— ஆவட்டும். உசுரோட இருக்கற புருசன் பேரைப் பொண்டாட்டி சொன்னா அவரு ஆயுசு கொறையும். இத்தினி நாளா நான் வாயைத் தொறக்காததுக்கு அதான் காரணம்.

— சரி, நீங்க சொல்லாதீங்க. பக்கத்து வூட்டுப் பார்வதி அக்காவைக் கேட்டுக்கறேன்.

— வேணாம்! கண்டவ வாயால அவரு சாவ வேணாம்.

— அப்ப நான் இன்னா பண்ண? இன்னிக்கும் கலைவாணி பேருதான் வரும்.

— அடப்பாவி. எம்பொண்ணு இன்னிக்கும் அந்தச் செவுத்துல எரியணுமா?

— வேற வழி தெரியலக்கா.

— ...போயி கொஞ்சம் தண்ணி கொண்டா.

— குடிக்கவாக்கா?

— நெத்தியைக் கழுவ. கழுவிட்டுச் சொல்றேன். இந்த வாட்டியாவது ஒழுங்கா காதுல வாங்கி எழுது.

— எழுதறேன்க்கா. சொல்லுங்க.

— சாமிக்கண்ணு.