ஓட்ஸ் பெட்டிக்கு அடியில் கிடைத்த சைலன்சர்

நான் வண்டியைக்கூடக் கோட்டுக்குள் நேராக நிறுத்துகிறவன், ஷெரீப். வேண்டுமானால் உங்கள் போலீஸ் ஸ்டேஷன் ஜன்னல் வழியாகப் பாருங்கள்.

என்னிடம் பத்தொன்பது பழைய துப்பாக்கி சைலன்சர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வாஷிங்டன் அரசு முத்திரையோடு பதிவுக் காகிதம் உண்டு. ஒன்றுக்காகப் பதினோரு மாதம் காத்திருந்தேன். இன்னொன்றில் உள்தகடு விரிசல் விட்டது. நானே புதுத்தகடு செய்து போட்டால் அனுமதியில்லாமல் செய்த குற்றம் என்பார்கள். விரிசலோடே வைத்திருக்கிறேன்.

லைல் ஆஸ்டர்கார்டு அப்படியல்ல. முப்பது வருட நண்பன், ஆனால் சோம்பேறி. போன கோடையில் அவனுடைய மாமா இறந்து, பண்ணை அவனுக்கு வந்தது. கொட்டகையில் ஓட்ஸ் பெட்டிக்கு அடியில், எண்ணெய்த் துணிக்குள், 1912இல் செய்த சைலன்சர் ஒன்று கிடைத்தது. ஒரு கீறல் இல்லை. காகிதம் இல்லாததால் நான் அதைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

பதியாமல் விட்டதை இனி எந்தக் காலத்திலும் பதிய முடியாது. வைத்திருந்தால் பத்து வருடம் ஜெயில். அரசிடம் ஒப்படைத்தால் அறுத்துப் போடுவார்கள். ஆனால் மாமா அந்தக் காலத்திலேயே பதிந்திருக்கலாம் அல்லவா? உயில் பொறுப்பாளர் வாஷிங்டனுக்கு எழுதிக் கேட்டால் பழைய பதிவேட்டில் தேடிச் சொல்வார்கள். மாமாவின் உயிலுக்கு லைல்தான் பொறுப்பாளர்.

"ஒரு கடுதாசி எழுதிப் போடுடா," என்றேன்.

"எழுதி? இல்லன்னு பதில் வந்தா என்னை உள்ள தூக்கிப் போடுவானுங்க. நீ வந்து காபி ஊத்துவியா? வியாழக்கிழமை கொண்டுபோய்க் குடுத்துடறேன். நீயும் வா, வழியில ஆப்பிள் பை சாப்பிடலாம்."

"அறுத்துடுவாங்கடா."

"இரும்புக் குழாய்டா மெர்ல். நீ அழறதப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு."

அழுதது உண்மைதான்.

எங்கள் உயில்களுக்கு நாங்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பாளர்கள். லைல் இருக்கிறவரை எழுத மாட்டான். அவன் இல்லையென்றால் அவன் பொறுப்பும் எனக்கு வரும், நான் எழுதலாம். இதில் குழப்பம் ஒன்றுமில்லை.

புதன்கிழமை மான் வேட்டைக்குப் போனோம். ஓடைக்கரையில் எனக்கு முதுகைக் காட்டி நின்றான். அறுபது கஜ தூரம். தலையில் ஒரே குண்டு. சைலன்சர் எதையும் மாட்டவில்லை. பதிவு செய்த பொருளைத் தப்புக் காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பிறகு, மான் இல்லை மனிதன் என்று தெரிவதற்காக வேட்டையில் போடுகிற அவனுடைய ஆரஞ்சு அங்கியைக் கழற்றி வண்டியில் போட்டேன். அங்கி போடாதவனை மான் என்று நினைத்துவிட்டேன் என்றேன். விபத்து என்று நீங்களே எழுதிக்கொண்டீர்கள்.

அடக்கத்தன்று அவன் மனைவி நாடீன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அதில் பாசாங்கு இல்லை. மறுநாள் காலையில் கடிதத்தைத் தபாலில் சேர்த்தேன்.

நேற்று பதில் வந்தது. 1968 நவம்பரில் பதியாதவர்கள் பதிந்துகொள்ள ஒரு மாதம் மன்னிப்பு கொடுத்தார்களே, அப்போது மாமா பதிந்திருக்கிறார். எண்ணும் பொருந்துகிறது. வரிகூட இல்லாமல் லைலுக்குச் சேர்ந்திருக்கும்.

நாடீனிடம் ஓடிப்போய்க் காட்டினேன். "இத்துனூண்டு கடுதாசிதானா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு விளங்கவில்லை. நான் சொன்னது சரியென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் போவது நியாயமில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேட்டிருந்தால், லைல் இன்று உயிரோடு இருந்திருப்பான்.