பேர் ஒட்டின கிரேயான்

— கலக்காதீங்க, கலக்காதீங்க. கலக்கினா நிறமெல்லாம் ஒண்ணாயிடும்.

— ஊருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறவனுக்கு நீ நிறத்தைப் பத்திப் பாடம் எடுக்கறியா?

— சுவருக்கு அடிக்கிறதும் இதுவும் ஒண்ணா? இது உருகின மெழுகுங்க. கையில பட்டா தோல் வழண்டுடும். தள்ளி நில்லுங்க.

— சரி தாயே. மழை வந்து வேலை நின்னுபோச்சேன்னு வீட்டுக்கு வந்தா, ஒரு டீக்கு வழியில்ல. அடுப்புல வெந்நீருக்கு நடுவுல கிரேயான் உருகிட்டிருக்கு. எதுக்கு இதெல்லாம்?

— நாளையோட பாப்பா ஸ்கூல் லீவு விடறாங்கல்ல. ஒவ்வொரு பிள்ளையும் கிளாஸ்ல இருக்கிற எல்லாருக்கும் சின்னதா ஒரு பரிசு கொண்டு வரணுமாம். கடையில வாங்கக் கூடாது, வீட்டுல கையால செஞ்சதா இருக்கணும்னு டீச்சர் கண்டிப்பா சொல்லிட்டாங்க.

— நல்ல டீச்சர். நம்ம பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துட்டுப் பேசியிருக்காங்க.

— அதான், கிரேயானை உருக்கி இந்த நட்சத்திர அச்சுல ஊத்தறேன். ஆறினதும் பின்பக்கம் தட்டினா நட்சத்திரமா விழும். பிள்ளைங்க அதை வெச்சே வரையலாம். ஒரே நட்சத்திரத்துல மஞ்சளும் வரும், நீலமும் வரும்.

— இந்த மூலையில இருக்கிறது சேத்துக் கலர்ல வந்திருக்கே. இதுவும் நட்சத்திரம்தானா?

— அது முதல்ல ஊத்தினது. அதை உங்களுக்குன்னு வெச்சிருக்கேன்.

— வாய் மட்டும் குறையாது உனக்கு. குடு, நானும் காகிதம் உரிக்கிறேன். பாப்பா எங்க?

— மேல் வீட்டுக்கு விளையாடப் போயிருக்கா. அவ இறங்கி வர்றதுக்குள்ள முடிக்கணும். வேணாம்... நீங்க உரிக்க வேணாம். நானே...

— ஏன், என் கைக்கு என்ன?

— கை பூரா பெயிண்ட். போய்க் கழுவிட்டு வாங்க.

— கழுவிட்டுத்தான் வந்தேன். இதென்ன, உரிச்ச காகிதத்தை எல்லாம் வாளியில ஊறப் போட்டிருக்கே?

— பறக்காம இருக்கட்டும்னு.

— குப்பை பறக்கும்னு யாராவது ஊறப் போடுவாங்களா?

— நான் போடுவேன். கேள்வி கேட்கறதை விட்டுட்டு அந்த அச்சை...

— இரு, இரு. இவ்வளவு கிரேயான் நமக்கு ஏது?

— நான் வேலை பார்க்கிற குழந்தைங்க காப்பகத்துல எடுத்தது. குழந்தைங்க உடைச்சுப் போடறதை எப்படியும் பெருக்கித் தள்ளப் போறோம். யாருக்கும் வேணாம்னாங்க, கொண்டு வந்தேன்.

— இது உடையவே இல்லையே. முனைகூட தேயல.

— உடைச்சுத்தான் போடணும். முழுசாப் போட்டா உருகறதுக்கு நேரமாகும்.

— நல்ல கிரேயானை உடைச்சு, உருக்கி, திரும்பவும் கிரேயானா பண்றே.

— அச்சை நேராப் பிடிங்க. சிந்துது பாருங்க.

— பிடிச்சிட்டுத்தான் இருக்கேன். நீ இதைப் பாரு. இதுல சின்னதா ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. எதிர் வீட்டுப் பையன் பேரு. அவங்கம்மா கையெழுத்து மாதிரி இருக்கு.

— குடுங்க இப்படி.

— இதுல வேற பேரு. இதோ, இதுல இன்னொண்ணு. இதெல்லாம் உங்க காப்பகத்துக் குழந்தைங்க பேரா? பாப்பா கிளாஸ் பிள்ளைங்க பேருதானே இது.

— மெதுவாப் பேசுங்க. கதவு திறந்து கிடக்கு.

— சாத்திட்டேன். இப்பச் சொல்லு.

— ... பாப்பா கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. ஷூ டப்பாவுல. பெருக்கும்போது துடைப்பம் பட்டு டப்பா சாய்ஞ்சு எல்லாம் உருண்டு வந்துடுச்சு.

— எப்ப?

— முந்தாநாள்.

— முந்தாநாளே தெரிஞ்சு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா நீ?

— பயமா இருந்துச்சுங்க. கோவத்துல அவளை அடிச்சுடுவீங்களோன்னு...

— என்னிக்கு அவ மேல கை வெச்சிருக்கேன்?

— இல்லதான். பயம் வந்துட்டா அதெல்லாமா ஞாபகம் இருக்கு?

— அவகிட்டக் கேட்டியா?

— கேட்டேன். அவ மறைக்கவே இல்லைங்க. டப்பாவைக் கொட்டி எல்லாத்தையும் தரையில வரிசையா நிக்க வெச்சா. இவன் ஓயாம பேசுவான், இவ தூங்குமூஞ்சி, இவ எனக்கு ரப்பர் தரமாட்டான்னு ஒவ்வொண்ணா அறிமுகம் பண்றா. தான்தான் டீச்சராம். ஆளுக்கு ஒண்ணுதான் எடுத்திருக்கா. யார்கிட்டயும் ரெண்டாவது எடுக்கல. எதுக்குடி எடுத்தேன்னா... ‘எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்திருக்காங்கம்மா’ங்கறா.

— நம்ம வீட்டுக்கா?

— இந்த ஒண்டுக் குடித்தனத்துக்கு எந்தப் பிள்ளையை அனுப்புவாங்க? கூப்பிட்டுப் பார்த்தாளாம், யாரும் வரலையாம். அதான் பேர் ஒட்டினதாப் பார்த்து எடுத்து வந்திருக்கா.

— அது திருட்டு இல்ல.

— அது நமக்குத் தெரியும். மத்தவங்களுக்கு? கிளாஸ்ல பொருள் காணாமப் போகுது, காணாமப் போகுதுன்னு டீச்சர் சொல்லிக்கிட்டே இருக்காங்க. இந்த டப்பாவைக் கொண்டுபோய் நீட்டினா அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் திருடிங்கற பேரு போகாதுங்க. நல்லா படிச்சாலும் அதைச் சொல்லித்தான் பேசுவாங்க.

— அதனால உருக்கிட்டே.

— உருக்கி அவங்கவங்களுக்கே பரிசாக் கொடுத்துட்டா, அவங்க பொருள் அவங்ககிட்டயே போயிடும். இவ பேரும் கெடாதுன்னு நினைச்சேன். பைத்தியக்காரத்தனம்தான்.

— பைத்தியக்காரத்தனம் ஒண்ணும் இல்ல. சரியாத்தான் நினைச்சிருக்கே. குடு, மிச்சத்தையும் நானே உடைச்சுப் போடறேன்.

— இருங்க. போடாதீங்க.

— ஏன்? அவ வர்றதுக்குள்ள முடிக்கணும்னே?

— முடிக்கணும்னுதான் அடுப்பைப் பத்த வெச்சேன். ஊத்த ஊத்த மனசு கேட்கல. இன்னிக்கு பாப்பாவைக் கூட்டிட்டு வரப் போனேன்ல... ஸ்கூல் கேட்டுல டீச்சரைப் பார்த்தேன். லீவுக்கு அப்புறம் ஆயாவை வர வேணாம்னு சொல்லிட்டாங்களாம்.

— எந்த ஆயா?

— பாப்பா கிளாஸுக்கு ஒரே ஆயாதாங்க. தினமும் அவளுக்கு ஷூ கயிறு கட்டி விடறவங்க, மூக்கு ஒழுகினா துடைச்சு விடறவங்க. அவங்கதான் பிள்ளைங்க பையிலேருந்து எடுத்துட்டுப் போறாங்கன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஒத்தை ஒத்தைக் கிரேயானை வெச்சு அந்தம்மா என்னங்க பண்ணுவாங்க?

— ... பேரனுக்குக் கொண்டு போறாங்கன்னு நினைச்சிருப்பாங்க.

— அவங்களுக்குப் பேரன் இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— வயசானவங்க. இருக்க மாட்டானா?

— டீச்சரும் அதே வார்த்தையைத்தான் சொன்னாங்க. பேரனுக்குன்னு.

— எல்லாருக்கும் தோணறதுதானே.

— ஆயா கேட்டுக்கு வெளியில நின்னு அழுதுட்டு இருந்தாங்க. பாப்பா ஓடிப்போய் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு ஏன் அழறீங்கன்னு கேட்கறா. என்னால அந்தம்மா மூஞ்சியைப் பார்க்க முடியல. பார்க்காத மாதிரி இவளை இழுத்துட்டு வந்துட்டேன். அசிங்கமா இருக்குங்க.

— நடந்தது நடந்துபோச்சு. நம்ம கான்ட்ராக்டர்கிட்ட சொல்லி அவங்களுக்கு எங்கயாவது கூட்டிப் பெருக்கற வேலை...

— திருடின்னு துரத்தினவங்களை எவன் உள்ளே விடுவான்?

— அதுக்கு என்ன பண்ணச் சொல்றே?

— டீச்சருக்குப் போன் பண்ணப் போறேன். மிச்சம் இருக்கிறதை ஸ்டிக்கரோட அப்படியே கொண்டுபோய் வெச்சுட்டு, இதுதான் நடந்துச்சுன்னு சொல்லிடறேன்.

— போனை வை.

— ஏன்?

— வைன்னு சொல்றேன்ல. பாப்பா பேரு என்ன ஆகும்னு இவ்வளவு நேரம் நீதானே சொன்னே?

— அவ குழந்தைதாங்க. கொஞ்ச நாள் பேசுவாங்க, அப்புறம் வேற ஒண்ணு கிடைச்சா இதை விட்டுடுவாங்க. அந்தம்மாவுக்கு அப்படியா? கையை விடுங்க, வலிக்குது.

— அவசரப்படாத. லீவு விடட்டும், நிதானமா யோசிச்சு...

— லீவு விட்டா அவங்க கதை முடிஞ்சுபோச்சு. உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?

— அடுப்புச் சூடு.

— அடுப்பை அப்பவே அணைச்சுட்டேன்.

— அப்ப மழைப் புழுக்கமா இருக்கும்.

— அந்த டீச்சரையும் குத்தம் சொல்ல முடியல. அவங்களா ஒண்ணும் சந்தேகப்படல. அவங்க கேட்டப்ப, காலையில பிள்ளையை விட வந்த ஒரு அப்பா, ஆயா அடுத்த பிள்ளை பைக்குள்ள கையை விட்டதைக் கண்ணால பார்த்தேன்னு சொல்லியிருக்காரு. யாருன்னு கேட்டா பேரைச் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. அந்த ஆள் என் கையில கிடைக்கட்டும். அப்படி என்னய்யா பார்த்தேன்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்கறேன்.

— விடு. யாரோ எதையோ பார்த்திருப்பாங்க.

— எதைப் பார்த்திருப்பாங்க? எடுக்காதவங்க கையை எப்படிப் பார்க்க முடியும்? நீங்கதானே தினமும் பாப்பாவை விடப் போறீங்க. அந்த நேரத்துக்கு வேற எந்த அப்பா வர்றாரு? ... என்னங்க. உங்களைத்தான் கேட்கறேன். ஏன் கீழேயே பார்க்கறீங்க?

— பார்த்தது பொய்யில்ல. அடுத்த பைக்குள்ள கை போனதை நான் என் கண்ணால பார்த்தேன்... அது நம்ம பாப்பா கை.