எழுப்ப ஆளில்லாத ஞாயிறு

ஏழாயிரம்பண்ணையிலிருந்து திரும்பும் பட்டாசுக் கம்பெனி வேன். என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். கழுவியும் போகாத வெடிமருந்துத் தூள் இருவர் கையிலும் மினுங்கியது.

“மூணு வாரமா சர்ச்சுல என்னைய எழுப்ப ஆளில்ல, ஸ்டெல்லா” என்றாள் மூத்தவள். “சீசன் வேல பாத்த அசதி, போதகர் ஐயரு பிரசங்கம் ஆரம்பிச்சதும் தூங்கிப்போயிர்றேன். நீ இருந்தா இடிப்ப. போன வாரம் எல்லாரும் எந்திரிச்சு நின்னு பாடுறாக, நான் மட்டும் உக்காந்து கொறட்ட விட்டிருக்கேன்.”

ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

“எங்க வீட்டுக்காரவுக வெடி விபத்துல போனதுலேருந்து ஜெபம் பண்ண வாயே வரலக்கா. அங்கன வந்து சும்மா உக்காந்து என்ன செய்ய? வீட்லயே போன்ல ஆராதனையப் போட்டு விட்டுர்றேன்.”

“நீ ஒண்ணும் ஜெபிக்க வேணாம். ஒனக்கும் சேத்து நான் ஜெபிக்கேன். என்னைய முழிக்க வச்சா போதும்.”

ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூத்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

தாயில்பட்டியில் வேன் நின்றது. ஸ்டெல்லா முழங்கையால் அவள் விலாவில் ஓர் இடி இடித்தாள்.

“எந்திரிங்கக்கா, ஊரு வந்துருச்சு. ஞாயித்துக்கெழம எனக்கும் எடம் பிடிச்சு வையிங்க.”