காவலாளி ஏற்றிவிட்ட வள்ளம்

முட்டம் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"பங்குத் திருவிழா நாடகத்த ஒன் மாப்பிளைல்லா கெடுத்துட்டாரு!"

மற்றவள் சிரித்தாள். "என்ன செய்ய ஏட்டி? ஒலகம் பூரா வேலி போட்ட காலம்னு கத. அவியளுக்கு எல்லைக் காவலாளி வேஷம். நாடுவிட்டு ஓடி வாறவங்க வள்ளத்த, துப்பாக்கியக் காட்டித் திருப்பி அனுப்பணும். வள்ளம் கிட்ட வந்ததும் துப்பாக்கியக் கீழ வச்சிட்டு, நம்ம கரையில செய்யுத மாதிரி கை குடுத்து இழுத்து ஏத்திட்டாவ."

"இன்னைக்கும் நாடகம் உண்டுல்லா?"

"உண்டு. வள்ளத்துக்குப் பதிலா ஒரு கதவு வச்சிருக்காங்க. அவிய அத அடைச்சாப் போதுமாம்."

"அடைப்பாவளா?"

"கடலுக்குப் போன வள்ளத்துல ஒண்ணு திரும்பலன்னாலும், எங்க வீட்டுக் கதவையே அடைக்க விடமாட்டாவ."