மூன்றாவது முடிச்சு

அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு ஜோடி, வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கோயில் தேடிக்கொண்டிருந்தது.

“ஆவுடையார்கோயில்?” என்றான் அவன்.

“ஐயோ, அங்க எங்க மாமா கடை வச்சிருக்காரு.”

“அப்ப விராலிமலை. அங்கிட்டு மயிலு மட்டுந்தான் வேடிக்கை பாக்கும்.”

“சரிங்க. ஆனா ஒங்க அக்கா வரணும்.”

“அக்காவா! அதுக்குப் பயந்துதானே ஓடுறோம்?”

“மூணாவது முடிச்சு நாத்தனார்தான் போடணும். இல்லாட்டி நான் கழுத்த நீட்ட மாட்டேன்.”

பக்கத்தில் காலி மீன்கூடையோடு நின்றிருந்த அம்மாள் குனிந்தாள்.

“நான் போடுறேன் தம்பி. என்னைக்குன்னு மட்டும் சொல்லு.”

அவன் திருதிருவென்று விழித்தான். அந்தப் பெண் சட்டென்று நகர்ந்து இடம் விட்டாள்.

“ஏன் நிக்கிறீங்க மதினி? இப்பிடி ஒக்காருங்க.”