வேலிப் பிலாவுக்குத் தண்ணி

லெனாட்: ...நான் சொன்னா நீர் நம்பமாட்டீர். பக்கத்து வளவுக் கேதீஸ்வரன் தன்ரை கிணத்துத் தண்ணியை அள்ளி அள்ளி எங்கடை வேலிப் பிலாமரத்துக்கு வாத்தவன். கிணறே வத்திப்போச்சு.

அருமைநாயகி: ம்.

லெனாட்: என்ன ம்? ஊரே திரண்டு நிண்டு பாத்தது.

அருமைநாயகி: ஊரெண்டா ஆர் ஆர்?

லெனாட்: நான்... பிறகு வேலியிலை ஒரு காகம்.

அருமைநாயகி: பென்சன் எடுத்த நாளையிலையிருந்து உங்கடை வாய்க்குத்தான் ஓய்வில்லை. சருகு கிணத்துக்கை விழுகுதெண்டு அந்த மரத்தை அடியோடை தறிக்க நிக்கிறவன் அவன். ஊர் விதானையாரிட்டைப் போய், இணக்கசபைக்கும் இழுத்து... அங்கை கொப்பை மட்டும் வெட்டச் சொல்லியும் கேக்கேல்லை. எல்லையிலை நிக்கிற மரமாம், தனக்கும் பாதியாம். எனக்கு அலுத்துப்போச்சப்பா. இண்டைக்கு அச்சுவேலியிலையிருந்து மரம் அரியிற வாள்காரன் வாறானெல்லோ?

லெனாட்: வந்தவன். கேதீஸ்வரன் படலையிலை வைச்சே திருப்பி அனுப்பிப்போட்டான்.

அருமைநாயகி: சும்மா இருங்கோ.

லெனாட்: நான் ஒரு பார்வை பாத்தன். அவ்வளவுதான். அவன்ரை கைகால் எல்லாம் நடுங்கி...

அருமைநாயகி: போன கிழமை அவன் செருமினதுக்கே குசினிக்குள்ளை வந்து ஒளிச்சனீங்கள்.

லெனாட்: அது... தேத்தண்ணி குடிக்க வந்தனான்.

அருமைநாயகி: இந்த வெயிலுக்கு எங்கடை ரெண்டு ஆட்டுக்கும் உந்தப் பிலாக்குழையை விட்டா வேறை என்ன கிடக்கு? மரம் போனா ஆட்டையும் வித்துப்போட்டுக் குந்தியிருக்க வேண்டியதுதான். உங்களுக்கு எல்லாம் பகிடி.

லெனாட்: பகிடியில்லை. கர்த்தர் அறிய, வேர் நனைய நனைய வாத்தவன். வாத்துப்போட்டு மரத்தைத் தடவினவன். பிறகு அதைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சி...

அருமைநாயகி: கொஞ்சேல்லை.

லெனாட்: உமக்கெப்பிடித் தெரியும்?

அருமைநாயகி: நிண்டு கதைக்க நேரமில்லை, ஆட்டுக்குத் தண்ணி வைக்கவேணும்.

லெனாட்: இஞ்சரும். நீரும் பாத்தனீரோ?

அருமைநாயகி: ஓம்... வாத்தவன்தான். குசினி யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான். காலமை வேலிப் பொட்டுக்குள்ளாலை புகுந்து போய், எங்கடை ரெண்டிலை சினையாட்டை அவன்ரை மனிசியிட்டைச் சும்மா குடுத்திட்டு வந்தனான். சொன்னா நீங்கள் மறிப்பியள். இனி அவையின்ரை கொட்டிலுக்கும் பிலாக்குழை வேணுமெல்லோ.