திடீரென்று என்ற ஒரு சொல்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவனத் தலைவர் அய்யா லட்சுமணசாமி அவர்களே, தொழிற்சங்கத்தின் சார்பில் வந்திருக்கும் காளிச்சாமி அவர்களே, உக்கடத்திலிருந்து வந்திருக்கும், மறைந்த பரீத் பாயின் தம்பி இல்யாஸ் அவர்களே, பாயின் மகள் ஹுமேரா அம்மணி, ஷிப்ட் முடிந்து எண்ணெய்க் கையோடு வந்து நிற்கிற தோழர்களே, எல்லோருக்கும் பாலுசாமியின் வணக்கம். பாயின் மனைவி ஆமினா பீவி அம்மா, கணவரை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கிற இத்தாவில் இருப்பதால் வரவில்லை. இங்கே பேசுவதை அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டியது ஹுமேராவின் பொறுப்பு.

நான் மேடைப் பேச்சாளன் அல்ல. இந்தப் பெரியநாயக்கன்பாளையம் ஆய்வுக்கூடத்துக்குப் பதினாறு வருஷம் பொறுப்பாளனாக இருந்து களைத்துப்போனவன். வருகிற மார்ச்சில் ஓய்வு. இந்த ஆண்டில் நான் பேசுகிற மூன்றாவது இரங்கல் கூட்டம் இது. முதல் இரண்டிலும் நல்ல வார்த்தைகளாகத் தேடித் தேடிப் பேசினேன். இன்று அதற்குத் தெம்பில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

கருவிக் கண்காணிப்பாளர் ஷேக் பரீத் அவர்கள் செய்த வேலை என்ன? இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. நம்மிடம் அதிவேகக் கேமரா ஒன்று இருக்கிறது. ஒரு நொடிக்கு ஐந்நூறு படம் எடுக்கும். நூற்பு மிசினுக்குப் புதிதாகச் செய்த ஸ்பிண்டில், அதாவது நூல் சுற்றுகிற கதிர், வேகமாகச் சுற்றும்போது எங்கே ஆடுகிறது, எங்கே உதறுகிறது என்று அதில் பார்ப்போம். எல்லோரும் பார்த்தது அந்தப் படத்தை. பரீத் பாய் பார்த்தது வேறொன்றை. படம் பிடிக்கிற கம்ப்யூட்டர், தனக்கு என்ன ஆயிற்று என்பதைத் தானே வரிவரியாக எழுதி வைக்கும். சூடு எவ்வளவு, இடம் எவ்வளவு மிச்சம், எத்தனை படம் வந்தது, எத்தனை விட்டுப்போனது, எல்லாம் அதில் இருக்கும். அதற்கு லாக் என்று பெயர். நாங்கள் கேலியாக வைத்த பெயர் ஜாதகம். பாய், இன்றைக்கு ஜாதகம் எப்படி என்று கேட்போம். கெரகமெல்லாம் அதாத எடத்துல இருக்குதுங்க என்பார். சொல்லும்போது சிரிக்கமாட்டார்.

தொண்ணூற்று நான்கில் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. யாரும் படிக்காத இந்த லாக் எதற்கு, தினமும் அழித்துவிடுங்கள் என்று உத்தரவு போட்டவன் நான். செரிங்க சார் என்றார். தினமும் மாலையில் அழித்தார். அழிப்பதற்கு முன்னால், அந்தக் கிறீச்சிடும் பிரிண்டரில், பழைய வருகைப் பட்டியல் தாள்களின் பின்பக்கத்தில் அதை அச்சடித்தார். கட்டுக் கட்டாகக் கயிறு போட்டு அலமாரியில் அடுக்கினார். ஒருநாள் பார்த்துவிட்டுக் கடிந்துகொண்டேன். கம்ப்யூட்டரில் இருப்பதைத்தான் அழிக்கச் சொன்னீர்கள், காகிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்றார். அலமாரியை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் காகிதக் கட்டு இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிற சின்னத்தாயி அம்மாவைக் கேளுங்கள்.

போன வருஷம் ஆனி மாதம். சோதனைக் கூடத்தில் புது ஸ்பிண்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருந்தவர் சின்னத்தாயி. ஸ்பிண்டிலில் செருகி நூல் சுற்றியிருந்த பாபின் கழன்று பறந்து அவர் வலது கையில் அடித்தது. இரண்டு விரல் இன்றும் மடங்காது. கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. படத்தைப் போட்டுப் பார்த்தேன். ஒரு படத்தில் கை தள்ளி இருக்கிறது, பாபின் ஒழுங்காக நிற்கிறது. அடுத்த படத்தில் பாபின் கழன்றிருக்கிறது, கை அதன்மேல் இருக்கிறது. உடனே அறிக்கை எழுதினேன். ‘தொழிலாளி திடீரென்று கையை நீட்டிப் பாபினைத் தொட்டதால் விபத்து நேர்ந்தது.’ கையெழுத்தும் போட்டேன். அந்த வாரமே சின்னத்தாயியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அடிபட்ட கையோடும் கவனமில்லாதவள் என்ற பெயரோடும் அவர் அன்னூருக்குப் பஸ் ஏறினார்.

அறிக்கையின் நகல் கோப்பில் வைப்பதற்காகப் பரீத் பாயிடம் போனது. வேறு யாராக இருந்தாலும் வைத்திருப்பார்கள். அவர் படித்தார். படித்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு தாளை உருவிக்கொண்டு என் அறைக்கு வந்தார். நின்றுகொண்டே கேட்டார்.

“ஏனுங்க சார், திடீர்னு எழுதியிருக்கறீங்களே. அந்தத் திடீர் அந்தம்மா கையில இருக்குதுங்களா, நம்ம மிசின்ல இருக்குதுங்களா?”

எனக்கு விளங்கவில்லை. தாளைக் காட்டினார். அன்று சூடு ஏறிக் கம்ப்யூட்டர் திணறியிருக்கிறது. திணறலில், நடுவே தொண்ணூறு படங்களை விட்டுவிட்டது. முன்னதையும் பின்னதையும் ஒட்டி வரிசையாக எண்ணும் போட்டுவிட்டது. படத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. லாக்கில் மட்டும் ஒரே ஒரு வரி இருந்தது. ஐந்நூறில் தொண்ணூறு என்றால் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் பாபின் முதலில் கழன்றதா, கை முதலில் போனதா? கேமராவுக்கே தெரியாது. கேமராவுக்குத் தெரியாததைத்தான் நான் ‘திடீரென்று’ என்று எழுதியிருந்தேன்.

தோழர்களே, அந்த நிமிஷமே ஓடிப்போய் அறிக்கையைத் திருத்தினேனா? இல்லை. எங்கள் கருவியே பொய் சொன்னது என்று எப்படி எழுதுவது? லாக்கை அழிக்கச் சொன்னது யார் என்று கேட்டால் எந்த முகத்தோடு நிற்பது? பார்க்கலாம் பாய் என்றேன். மறுநாள் காலை என் மேஜையில் அந்தத் தாளின் ஜெராக்ஸ் ஒன்று இருந்தது. எடுத்து டிராயரில் போட்டேன். அடுத்த நாளும் ஒன்று இருந்தது. அதையும் டிராயரில் போட்டேன். இப்படிப் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் காலை அவரே தாளோடு வந்து நின்றார்.

“டிராயர் நெறஞ்சிருக்குமுங்களே சார். இதைய வேற எங்கயாச்சும் வெச்சுப்போட்டுப் போகட்டுங்களா?”

அன்றுதான் எனக்கு வெட்கம் வந்தது. பக்கத்தில் யாரையும் நிறுத்தாமல் அதே ஸ்பிண்டிலை நாற்பது முறை ஓட்டினோம். இரண்டு முறை பாபின் தானாகவே பறந்தது. ஸ்பிண்டில் செய்ததில்தான் பிழை. இரண்டாவது அறிக்கையைப் படித்த அய்யா லட்சுமணசாமி அவர்கள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சின்னத்தாயிக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வேலைக்குத் திரும்பி வந்த அன்று பரீத் பாய் எங்கே இருந்தார் தெரியுமா? பிரிண்டருக்கு ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தார்.

இப்போது சொல்லப்போவது எனக்குச் சிரமமானது. வாசலில் ஒட்டியிருக்கிற அறிவிப்பைப் படித்திருப்பீர்கள். ‘அன்பு நண்பர் ஷேக் பரீத் அவர்களின் திடீர் மறைவு.’ எழுதிக் கொடுத்தது யார்? மறுபடியும் நான்தான்.

திடீரா அது? இந்த வருஷம் ஆடி மாதத்திலிருந்து அவர் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து எழுந்துதான் மேலே வந்தார். தாண்டிப் போனவன் நான். தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். என்ன பாய் என்றேன். வாயுங்க சார் என்றார். சரி என்று போய்விட்டேன். பேப்பர் கட்டைத் தூக்க முடியாமல் இரண்டாகப் பிரித்துத் தூக்கினார். அதையும் பார்த்தேன். எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வரிவரியாக வந்தது. ஒரு வரியையும் நான் படிக்கவில்லை. அவர் இதில் ஒன்றை என்னிடத்தில் பார்த்திருந்தால், நான் டாக்டரிடம் போகும்வரை, பன்னிரண்டு நாளானாலும் என்னை விட்டிருப்பாரா?

ஹுமேரா கண்ணு, அம்மாவிடம் போய், அத்தா திடீரென்று போனார் என்று பாலுசாமி பேசினான் என்று சொல்லாதே. பார்த்தான், படிக்கவில்லை, அதை எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டான் என்று சொல்.

அவர் வேலையைத் தொடர்வோம் என்று இந்த மாதிரிக் கூட்டங்களில் சொல்வது வழக்கம். நான் பெரிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. லாக்கை அழிக்கச் சொன்ன என் உத்தரவை இன்று ரத்து செய்கிறேன். மார்ச் வரை தினமும் மாலையில் அதை அச்சடித்து, நானே உட்கார்ந்து படிக்கிறேன். எனக்குப் பின்னால் யார் படிப்பது என்பதை அய்யா அவர்கள் இன்றே சொல்லிவிட வேண்டும்.

எல்லோரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமாக நில்லுங்கள். நான் பேனாவை எடுத்துக்கொண்டு வாசல்வரை போகிறேன். அந்த ஒரு சொல்லை அடித்துப்போட்டு வாரேன்.